எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார என்னென்ன வேண்டும்?

குழந்தைகளுக்கான படப் புத்தகத்தின் அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். கதை ஒருவர், ஓவியம் இன்னொருவர். இருவரும் மாதக்கணக்கில் கூடிப் பேசித்தான் அதைச் செய்திருப்பார்கள் என்று வாசகர் நினைப்பது இயல்பு. ஆங்கிலப் பதிப்புலகின் பெரிய நிறுவனங்களில் நடப்பது வேறு. கதையை வாங்கிய பிறகு ஓவியரைத் தேர்ந்தெடுப்பது பதிப்பகம்தான். ஓவியர் அனுப்பும் மாதிரிகள் எடிட்டருக்கும் கலை இயக்குநருக்கும் போகும். எழுத்தாளர் ஏதாவது சொல்ல விரும்பினால் அவர்கள் வழியாகத்தான் சொல்ல வேண்டும். புத்தகம் அச்சாகி வந்தபிறகும் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாமலே இருந்துவிடுவது அங்கே சாதாரணம். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வரைகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு 'மரம் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கலாமே' என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் எந்தப் படமும் உருப்படாது.

ஆனால் இழப்பும் உண்டு. ஒருவர் வேலை எப்படி நடக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. படப் புத்தகம் ஏன் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்கிறது என்பதே எழுதத் தொடங்குகிறவர்கள் பலருக்குப் புதுச் செய்தி. பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்ற மடங்குகளில்தான் விழும். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் எல்லாம் போக, கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 12 முதல் 14 விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரட்டைப் பக்கங்கள். வரைகிறவருக்கு இது கைப்பாடம். அவருக்குத் தெரியாதது வேறு: ஒரு வரி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் என்ன கெடும் என்பது. ஒப்பந்தமும் கெடுவும் குறுக்கே நிற்காமல் இவர்கள் இருவரும் இதையெல்லாம் கேட்டுக்கொள்ள எளிதான இடம், அவர்கள் வாழும் ஊரிலேயே அமைகிற ஒரு சிறு குழு.

அப்படியொரு குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊக்கம், நட்பு, ஒத்த மனசு என்றுதான் பேச்சு போகும். யாரும் அவற்றை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் நல்ல மனசுக்குக் குறைவே இல்லாத குழுக்கள் சில மாதங்களில் கலைந்துபோகின்றன. அவ்வப்போது முகம் சுளித்துக்கொள்கிறவர்கள் சேர்ந்த குழு வருடக்கணக்கில் ஓடுகிறது. பெரும்பாலும் வித்தியாசம் சலிப்பூட்டும் சின்ன ஏற்பாடுகளில் இருக்கிறது: எந்தக் கிழமை, எத்தனை பேர், யார் எவ்வளவு நேரம் பேசலாம், அறைக்கு யார் காசு கட்டுவது.

ஆதரவு என்றால் எது

டோக்கியோவில் 1952-ல் கட்டப்பட்ட டோக்கிவா-சோ என்ற மரக் கட்டடத்தை மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னச் சின்ன வாடகை அறைகள். சமையலறையும் கழிப்பறையும் பொது. 1953-ல் மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா அங்கே குடிவந்தார். ஹிரோ தெராடா, ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற பெயரில் சேர்ந்து வரைந்த இரட்டையர், ஷோதாரோ இஷினோமோரி, ஃபுஜியோ அகாட்சுகா என்று அடுத்தடுத்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் ஜப்பானிய மாங்காவின் தூண்கள் ஆனவர்கள் இவர்கள்.

மேதைகள் ஒரே கூரையின் கீழ் கூடினால் அற்புதம் நடக்கும் என்பதற்கு உதாரணமாகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தெசுகா 1954-ல் அறையைக் காலி செய்தபோது, தான் கட்டியிருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்துக் குடிவந்த ஃபுஜிகோ இரட்டையருக்காக அப்படியே விட்டுவிட்டுப் போனார். கையில் காசில்லாமல் திண்டாடிய சகாக்களுக்குத் தெராடா கடன் கொடுத்தார். ஒருவருக்குக் கெடு நெருக்கினால் பக்கத்து அறைக்காரர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். பாராட்டும் இருந்திருக்கும்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஆதரவு என்பது முதலில் வாடகையாகவும் உழைப்பாகவும் கைமாறியது. 1982-ல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 2020-ல் அதே மாதிரி ஒன்றைக் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் அதை அமைத்தார்கள். ஓவியம் விற்கட்டும் என்று காத்திருக்காமல், பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றியது) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். கலைக்கொள்கைகள் பற்றி அவர்களுக்குள் எவ்வளவோ விவாதம் நடந்திருக்கலாம். காலுக்கடியில் நிலத்தைக் கொண்டுவந்தது பத்திக்.

அதற்காக எல்லோரும் மூட்டை முடிச்சோடு ஒரே இடத்தில் குடியேற வேண்டியதில்லை. மாதம் இரண்டு முறை கூடும் குழுவிலும் ஆதரவுக்கு இதே மாதிரி திடமான வடிவம் கொடுக்கலாம். ஸ்கேனர் வைத்திருப்பவர் மற்றவர்கள் படத்தை ஸ்கேன் செய்து தருவது, ஒப்பந்தம் படித்துப் பழகியவர் புதியவரின் ஒப்பந்தத்தைக் கூட உட்கார்ந்து வாசிப்பது, கெடு நெருங்கியவருக்கு ஒருவர் மெய்ப்பு பார்த்துக் கொடுப்பது. 'பிரமாதம், தொடர்ந்து எழுதுங்கள்' என்று சொல்வதைவிட இவை நெடுநாள் நிற்கும்.

முதலில் சும்மா உட்காருங்கள்

குழு என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு தேவைகள் அதில் கலந்துவிடுகின்றன. சேர்ந்து உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பது ஒன்று. செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்பது இன்னொன்று. பதிப்பகம், கூலி, உரிமை என்று தொழில் சமாச்சாரம் பேசுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே மாலையில் வைத்தால் கடைசியில் சொன்னது மற்ற இரண்டையும் தின்றுவிடும். புலம்பலுக்கு இருக்கும் ருசி அப்படி.

பல குழுக்கள் இரண்டாவதில் தொடங்குகின்றன. அது தவறு என்பது என் கட்சி. ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத நிலையில் அரைகுறை வேலையை நடுவில் வைத்து 'சொல்லுங்கள்' என்றால் ஒன்று பொய்யான பாராட்டு வரும், இல்லாவிட்டால் காயம் வரும். சேர்ந்து வேலை செய்வதில் இந்த ஆபத்து இல்லை. 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ஷட் அப் அண்ட் ரைட்' கூட்டங்களில் அறிமுகம் முடிந்ததும் ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் எழுதுவார்கள், அவ்வளவுதான். யாரும் யாருடையதையும் வாசிப்பதில்லை. அதே ஆண்டு சியாட்டிலில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்க் கிளைகளோடு இயங்குகிறது. ஒரு தெருமுனையிலோ சந்தையிலோ கூடி, கண்ணெதிரே இருப்பதை வரைகிறார்கள். முடிந்ததும் நோட்டுகளைத் தரையில் வரிசையாக விரித்து வைத்து எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

இந்த வகைக் கூட்டத்துக்கு எதையும் முடித்து எடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவரும் கூச்சமின்றி வரலாம். இப்படிச் சில மாதம் கூடினால் யார் நேரத்துக்கு வருகிறார், யார் பேச்சை நிறுத்த மாட்டார் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அப்புறம் கருத்துக் கேட்கும் கூட்டத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பெரிய அமைப்புகளின் நிழலில் தொடங்குவதில் வசதி உண்டு. எல்லாவற்றையும் அவற்றின் தலையிலேயே போட்டுவிடக் கூடாது. ஒரே மாதத்தில் நாவல் எழுதும் நானோரைமோ 1999-ல் 21 பேரோடு தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. ஊர் ஊராக எழுத்துக் கூட்டங்களை நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். 2025-ல் தாய் அமைப்பு மூடப்போவதாக அறிவித்துவிட்டது. உறுப்பினர் பட்டியலும் தொடர்பு எண்களும் உள்ளூரில் ஒருவர் கையில் இருக்கிற குழு, மேலே என்ன நடந்தாலும் அடுத்த கூட்டத்தைக் கூட்ட முடியும்.

கருத்துச் சொல்லும் முறை

குழுவின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர்களான டேமன் நைட்டும் சகாக்களும் 1956-ல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் நடத்திய கூட்டங்களிலிருந்து ஒரு முறை பரவியது. 1968-ல் தொடங்கிய கிளேரியன் பட்டறை அதை இன்னும் பிரபலமாக்கியது. எல்லோரும் முன்கூட்டியே பிரதியைப் படித்துவிட்டு வருவார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் சில நிமிடம் பேசுவார்கள். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் முறை.

கடுமையாகத் தெரிந்தாலும் இதில் இரண்டு நன்மைகள் இருக்கின்றன. பதில் சொல்ல வாய்ப்பு இருந்தால் காது அடைத்துக்கொள்ளும். 'இல்லையில்லை, நான் சொல்லவந்தது என்னவென்றால்' என்று தொடங்கிவிடுவோம். புத்தகத்தை வாங்குகிறவர் பக்கத்தில் நின்று அந்த விளக்கத்தைச் சொல்ல முடியாது அல்லவா? இரண்டாவது, கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் அதே அளவு நேரம் கிடைக்கிறது. குறையும் உண்டு. எழுதியவரின் வாழ்க்கைச் சூழல் மற்றவர்களுக்குத் தெரியாததாக இருந்தால், அறை முழுவதும் ஒரே தவறான அனுமானத்தின் மேல் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும். அவர் வாயைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-ல் உருவாக்கிய முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் எது நின்றது என்று மட்டும் சொல்கிறார்கள். பிறகு கலைஞர் தனக்குத் தேவையான கேள்விகளைக் கேட்கிறார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் உள்ளே அபிப்பிராயம் ஒளிந்திராத கேள்விகளைக் கேட்க வேண்டும். 'ஏன் இவ்வளவு இருட்டாக வரைந்தீர்கள்?' என்பது செல்லாது; 'இந்தப் பக்கத்தின் வெளிச்சத்தைப் பற்றி என்ன யோசித்தீர்கள்?' என்பது செல்லும். கடைசியில்தான் கருத்து, அதுவும் 'உங்கள் நிறத்தேர்வு பற்றி ஒன்று சொல்லலாமா?' என்று அனுமதி கேட்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு. முதல் முறை செய்து பார்க்கும்போது நாடகம் போடுவது போலத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், முழுப் பிரதி முடிந்தவருக்கு மில்ஃபோர்ட் முறையும், இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்கு லெர்மன் முறையும் பொருந்தும் என்பேன். எதை வைத்துக்கொண்டாலும் சரி, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முறையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் இங்க்லிங்ஸ் வட்டம் சாட்சி. எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் அறையில் வியாழக்கிழமை மாலைகளில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை உரக்க வாசித்த நண்பர்கள் அவர்கள். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெரிய நாவலைப் பகுதி பகுதியாக அங்கேதான் வாசித்தார். ஹ்யூகோ டைசன் என்ற உறுப்பினருக்கு அது பிடிக்கவில்லை. அதை வெளிப்படையாகவே காட்டினார். ஒருகட்டத்தில் டைசன் வந்திருந்தால் டோல்கீன் வாசிப்பதை நிறுத்திக்கொள்ளும் நிலை வந்தது. லூயிஸ் போன்றவர்களின் ஆதரவு பலமாக இருந்ததால் நாவல் பிழைத்தது. அந்த ஆதரவு இல்லாத அறைகளில் எத்தனை கையெழுத்துப் பிரதிகள் இழுப்பறைக்குத் திரும்பினவோ!

படத்துக்குக் கடிகாரம் வேறு

எழுத்தையும் படத்தையும் ஒரே அட்டவணையில் போட்டால் சிக்கல் வரும். பத்துப் பக்கம் வாசிக்க நேரம் வேண்டும். படம் ஒரு நொடியில் கண்ணில் விழுந்துவிடும். அதனாலேயே ஓவியத்துக்கு அவசரத் தீர்ப்பு கிடைக்கிறது. 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே: கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே? இதைச் சொல்ல ஓவியப் பயிற்சி தேவையில்லை. எழுத்தாளர்களின் பதில்தான் பல நேரம் ஓவியருக்கு அதிகம் பயன்படும்.

எந்தக் கட்டத்தில் காட்டுவது என்பதும் மாறுகிறது. எழுத்தில் பத்தாவது திருத்தத்திலும் ஒரு பத்தியைத் தூக்கி எறியலாம், கை வலிக்காது. வண்ணம் பூசி முடித்த படத்தில் ஒரு கதாபாத்திரத்தை இடமிருந்து வலமாக மாற்றச் சொன்னால் நாள்கணக்கில் செய்த வேலை போச்சு. ஆகவே ஓவியர் கட்டைவிரல் அளவுக் கோட்டுப்படங்களாக இருக்கும்போதே கொண்டுவர வேண்டும். 14 விரிபக்கங்களும் ஒரே தாளில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தால் கதையின் ஏற்ற இறக்கம் ஒரே பார்வையில் தெரியும். முடிந்த படத்தைக் காட்டினால் அதைக் கொண்டாடுங்கள், போதும்.

இரு தரப்பும் சேர்ந்து செய்யக்கூடிய, நான் மிகவும் மதிக்கிற ஒரு பயிற்சி இருக்கிறது. தாளை மடித்து, கோட்டுப்படங்களையும் வரிகளையும் ஒட்டி ஒரு டம்மிப் புத்தகம் செய்து, கதையே தெரியாத மூன்றாமவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வது. அவர் எங்கே தடுக்கி நின்றார், பக்கத்தைத் திருப்ப எங்கே அவசரப்பட்டார் என்று மற்ற இருவரும் குறித்துக்கொள்ள வேண்டும். 'சிவப்புச் சட்டை போட்ட சிறுவன் சோகமாக நின்றான்' என்று வரி இருக்கும். சட்டையின் சிவப்பும் முகத்தின் சோகமும் படத்திலேயே இருக்கும். வரியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று எழுத்தாளருக்கே தெரிந்துவிடும். இதை வாதாடிப் புரியவைப்பது கடினம். வாசிக்கக் கேட்டால் உடனே விளங்கும்.

ஓவியர் விருந்தாளி இல்லை

எழுத்தாளர்கள் தொடங்கும் குழுக்களில் ஓவியர் பின்னால்தான் சேர்கிறார். குழந்தை நூல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்குமான உலகளாவிய சங்கம் 1971-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியபோது அதன் பெயரில் எழுத்தாளர்கள் மட்டுமே இருந்தார்கள். ஓவியர்கள் பெயரில் இடம்பெற்றது பிற்பாடு. ஏழு எழுத்தாளர்களும் ஒரே ஓவியரும் இருக்கிற குழுவில் அந்த ஒருவர் சீக்கிரமே இலவசச் சேவை மையம் ஆகிவிடுவார். 'என் கதைக்கு நாலு படம் போட்டுக் கொடுங்களேன், புத்தகம் விற்றால் பங்கு தருகிறேன்.' கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஒரு புத்தகத்துக்கான படங்கள் மாதக்கணக்கான வேலை என்பது அவருக்குத் தெரியாது. அதனால் தொடக்கத்திலேயே குறைந்தது இரண்டு மூன்று ஓவியர்கள் இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் யாரும் யாரிடமும் கூலியில்லா வேலை கேட்கக் கூடாது என்ற விதியும் வேண்டும். இருவர் சேர்ந்து புத்தகம் செய்ய விரும்பினால், யாருக்கு எவ்வளவு, பாதியில் நின்றால் படம் யாருக்கு என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

திருட்டுப் பயம் புதியவர்களிடம் அதிகம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் எழுதியதற்கும் வரைந்ததற்கும் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. யோசனைக்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். கூட்டத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்கும் வரி பரிசு, அதற்குப் பின்னால் பங்கு கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இந்தப் பயம் பாதி குறையும்.

இப்போது புதிதாக ஒரு பூசல் கிளம்பியிருக்கிறது: செயற்கை நுண்ணறிவு செய்த படத்தைத் தன் கதைக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் எழுத்தாளர். எதிரே உட்கார்ந்திருக்கிற ஓவியருக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அனுமதிப்பதோ மறுப்பதோ குழுவின் முடிவு. ஆனால் அப்படியொரு படம் மேசைக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். வந்த பிறகு பேசினால் அது ஓர் ஆளைப் பற்றிய விசாரணையாகிவிடும்.

யார் முடிவு செய்கிறார்கள்

'நமக்குள் தலைவர் கிலைவர் எல்லாம் வேண்டாம்' என்று தொடங்குவது இனிமையாக இருக்கும். அமெரிக்கப் பெண்ணியச் செயற்பாட்டாளர் ஜோ ஃப்ரீமன் 1970-ல் பெண்கள் இயக்கக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் உடைத்துக் காட்டினார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. விதிகளை எழுதிவைக்காத இடத்தில், ஏற்கெனவே நண்பர்களாக இருக்கும் சிலர் மறைமுகமாக எல்லாவற்றையும் தீர்மானிப்பார்கள். புதியவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. பெரிய சட்டதிட்டம் தேவையில்லை. இடத்துக்கு ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர், தகவல் அனுப்ப ஒருவர், சில மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுச் செய்யும் குழு அவருக்குக் காய்ச்சல் வந்தால் படுத்துவிடும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஆளுக்கு 20 நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 160 நிமிடம். அதற்குமேல் யாருக்கும் கவனம் நிற்காது. கருத்துச் சொல்லும் கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் போதும். சேர்ந்து வேலை செய்யும் கூட்டத்துக்கு எவ்வளவு பேர் வந்தாலும் தாங்கும். இடம் பொதுவாக இருப்பது நல்லது, நூலக அறை மாதிரி. ஒருவர் வீட்டில் கூடினால் வீட்டுக்காரர்கள்மேல் பாரம் விழும். முன்பின் தெரியாத வீட்டுக்கு வரத் தயங்குகிறவர்களும் இருப்பார்கள்.

ஆள் பெருகினால் குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நட்புப்படி பிரிந்தால் ஒரு பக்கம் எல்லாம் எழுத்தாளர்களாகவும் இன்னொரு பக்கம் எல்லாம் ஓவியர்களாகவும் போய்விடும். இரு தொழிலும் இரண்டு பக்கமும் வருமாறு பிரிப்பது நல்லது. குறைந்துகொண்டே போனால் அதையும் ஒளித்து மறைக்க வேண்டாம். இங்க்லிங்ஸின் வியாழக்கிழமை வாசிப்புகள்கூட 1949 வாக்கில் நின்றுபோயின. கடைசிக் கூட்டத்துக்கு ஒரு தேதி குறித்துவிட்டு, ஒருவர் வீட்டில் கிடக்கும் மற்றவரின் மூலப் படங்களையும் பிரதிகளையும் திருப்பிக் கொடுத்து, பொதுக்காசில் மிச்சம் இருந்தால் அதை என்ன செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.